அணை தெரிகிறது, பீவர் மட்டும் தெரியவில்லை: எங்கே, எப்போது உட்கார வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது, மரத்தைக் கடித்துச் சாய்த்து ஓடையில் அணை கட்டும் கொறிவிலங்கான பீவரைக் கனடாவில் எங்கே பார்க்கலாம் என்று. ஆனால் கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருக்கும் விவரத்தைப் படித்தால் உங்களுக்கு இடம் ஒரு பிரச்சினையே இல்லை. டொராண்டோவின் ஸ்காபரோவில் இருக்கிறீர்கள், ரூஜ் பூங்காவில் அடிக்கடி நடக்கிறீர்கள், கோடை விடுமுறையில் குடும்பத்தோடு அல்கான்குவின் காட்டுப் பூங்காவுக்குப் போய் வந்திருக்கிறீர்கள். அணையைப் பார்த்தாயிற்று, கடித்துச் சாய்த்த மரத்தைப் பார்த்தாயிற்று, குளத்து நடுவில் இருந்த குச்சி வீட்டைப் போட்டோவும் எடுத்தாயிற்று, அந்த வீட்டுக்காரரை மட்டும் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஆக, இருக்கிற இடம் தெரிந்தும் கண்ணில் படாத ஒரு விலங்கை எப்படிப் பார்ப்பது, அதுவும் இரண்டு சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முடியுமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். பதில் கொஞ்சம் நீளும்.

நான் படித்தது காட்டுயிரியல், பிழைப்பு ஈரநிலக் கணக்கெடுப்பு. ஓர் இடத்தில் சாலை போடுவதற்கு முன்னால், வீடு கட்டுவதற்கு முன்னால், அங்கிருக்கும் சதுப்பில் என்னென்ன வாழ்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுக்கும் வேலை. தவளை, ஆமை, பறவை என்று எல்லாவற்றையும் எண்ணினாலும் பீவர் குளத்தோரம் உட்காரும் மாலை நேரம்தான் எனக்குப் பிடித்த வேலை நேரம். அதனால் கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் தென் ஆன்டாரியோவின் குளங்களிலும் ஓடைகளிலும் வருடக்கணக்காக உட்கார்ந்து கற்றது. மேற்கே ராக்கி மலை ஆறுகளில் இதே விலங்கு வேறு மாதிரி நடந்துகொள்ளும், அங்கே போய் என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். பீவர் பெரும்பாலும் இரவு விலங்கு. பகலை வீட்டுக்குள் கழித்துவிட்டு, பொழுது சாயும்போது வெளியே வந்து விடியும்வரை தின்னும், மரம் வெட்டும், அணையைப் பார்த்துக்கொள்ளும். நீங்கள் எடுத்த படங்களில் நிழல் காலடியிலேயே கிடக்கிறது, அதாவது உச்சி வெயில் நேரம். அப்போது நீங்கள் போட்டோ எடுத்த அந்தக் குச்சி வீட்டுக்குள்ளேயே நாலைந்து பீவர் தூங்கிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. ஒரு குடும்பம் என்றால் அப்பா, அம்மா, அந்த வருடக் குட்டிகள், போன வருடக் குட்டிகள். இரண்டு வயதானதும் பிள்ளைகள் வசந்த காலத்தில் வீட்டை விட்டுக் கிளம்பிச் சொந்த இடம் தேடிப் போய்விடும். வீட்டு வாசல் தண்ணீருக்கு அடியில் இருப்பதால் உள்ளே போவதும் வெளியே வருவதும் கரையில் நடக்கிறவர் கண்ணில் படாது.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்ல வேண்டும். பீவர் ஒரு காலத்தில் பகல் விலங்காக இருந்தது, மனிதன் வேட்டையாடி வேட்டையாடித்தான் அது இரவுக்கு மாறியது என்று பூங்கா வழிகாட்டிகள் சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கேட்க நன்றாக இருக்கிறது, வேட்டை நடந்ததும் உண்மைதான். ஹட்சன்ஸ் பே கம்பெனி 1670இல் தொடங்கியதே இந்த ரோமத்துக்காகத்தான். ஐரோப்பியர் தொப்பிக்காக நூற்றாண்டுக் கணக்கில் பிடித்துக் கொன்று பல வட்டாரங்களில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் அதனால்தான் இரவு விலங்கானது என்பதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. இவ்வளவு கொன்றதற்கு முன்னால் எத்தனை இருந்தன என்பதிலும் இதே கதைதான். ஆறு கோடி என்பவரும் உண்டு, நாற்பது கோடி என்பவரும் உண்டு. அவ்வளவு அகலமான மதிப்பீட்டை நான் எண்ணாகவே எடுத்துக்கொள்வதில்லை, ‘ஏராளம்’ என்று வைத்துக்கொண்டு போய்விடுவேன்.

சரி, எப்போது போவது? காலையா மாலையா என்றால் மாலை. விடியற்காலையிலும் பீவர் வெளியேதான் இருக்கும், ஆனால் எங்கே இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒன்று மேல் ஓடையில் தின்றுகொண்டிருக்கும், இன்னொன்று அக்கரைப் புதரில் இருக்கும், வெளிச்சம் வரும்போது ஒவ்வொன்றாக வீட்டுக்குள் நழுவிவிடும். மாலையில் அந்தச் சிக்கல் கிடையாது. எல்லாமே ஒரே வீட்டிலிருந்துதான் கிளம்ப வேண்டும், அந்த வீடு எது என்று தெரிந்தால் போதும். சூரியன் மறைவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால் போய் உட்காருங்கள், மறைந்தபின் அரை மணி நேரமாவது இருங்கள். கோடையில் இரவு சின்னது என்பதால் இன்னும் வெயில் இருக்கும்போதே வெளியே வந்துவிடுவதுண்டு. ஆள் நடமாட்டத்துக்குப் பழகிய நகரப் பூங்காக் குளங்களில் இன்னும் சீக்கிரமாகவே வரும், வேட்டை நடக்கிற தனியார் நிலத்துக் குளங்களில் இருட்டினால்தான் வரும்.

அடுத்தது, எந்த வீடு. இதில்தான் பலர் மாலைகளை வீணாக்குகிறார்கள். குளத்தில் ஒரு பெரிய குச்சிக் குவியல் இருந்தாலே அதில் பீவர் இருக்கிறது என்று அர்த்தமில்லை. சுற்றுவட்டாரத்தில் தீனி தீர்ந்தால் குடும்பம் வேறு இடம் போய்விடும், வீடு பல வருடம் அப்படியே நிற்கும். மேலே புல்லும் செடியும் முளைத்து, குச்சிகளெல்லாம் வெளிறிச் சாம்பல் நிறமாகி, அணை ஓரிடத்தில் உடைந்து தண்ணீர் தாராளமாக ஓடிக்கொண்டிருந்தால் பெரும்பாலும் காலி வீடு. ஆள் இருக்கும் வீட்டில் புதுச் சேறு அப்பியிருக்கும், இலையுதிர் காலத்தில் இது நன்றாகத் தெரியும். பட்டை உரித்த குச்சிகள் வெள்ளை வெளேரென்று நீரோரம் மிதக்கும். வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைச் சுற்றி மரச்சில்லுகள் ஈரமாக, மஞ்சளாக இருக்கும், பல் பதிந்த வரிகளை விரலால் தடவிப் பார்த்தால் இன்னும் கூராக இருக்கும். கரையிலிருந்து தண்ணீருக்குள் சேறு வழுக்கிக்கொண்டு போகும் ஒரு தடம், அதில் புல் மடங்கிக் கிடந்தால் அதுவும் நல்ல அறிகுறி. அக்டோபரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே தண்ணீருக்குள்ளிருந்து கிளைகளின் நுனி கொத்தாக நீட்டிக்கொண்டிருந்தால் பேச்சே வேண்டாம், அது குளிர்காலத்துக்குச் சேர்த்து வைக்கிற தீனி. அந்தக் குடும்பம் அங்கேதான் இருக்கிறது.

வீட்டைக் கண்டுபிடித்தாயிற்று என்றால் பகலிலேயே ஒரு முறை போய் உட்காரும் இடத்தை முடிவு செய்துவிடுங்கள். நிறைய பேர் அணைக்குப் பக்கத்தில் போய் நிற்பார்கள், ஏனென்றால் நடைபாதை அங்கேதான் போகிறது, படமும் நன்றாக வருகிறது. ஆனால் அணை ஒழுகாதவரை பீவருக்கு அங்கே தினமும் பெரிய வேலை கிடையாது, கோடையில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். அது தின்னப் போகும் பக்கம்தான் உங்களுக்கு வேண்டும். வீடும் தெரிய வேண்டும், வீட்டிலிருந்து அந்தச் சேற்றுத் தடம் வரைக்குமான நீர்வெளியும் தெரிய வேண்டும், தடத்திலிருந்து முப்பது மீட்டராவது தள்ளி உட்கார வேண்டும். தடத்தின் மேலேயே உட்கார்ந்தால் அன்றைக்கு அது வேறு கரைக்குப் போய்விடும், அவ்வளவுதான்.

காற்று முக்கியம், நான் சொல்வதிலேயே முக்கியமானது இதுதான். பீவரின் கண் சுமார்தான், அசையாமல் இருக்கும் ஆளை அது பெரிதாகக் கண்டுகொள்ளாது. காதும் மூக்கும் அப்படியில்லை. காற்று குளத்திலிருந்து உங்கள் முகத்துக்கு வர வேண்டும், உங்களிடமிருந்து குளத்துக்குப் போகக் கூடாது. கொஞ்சம் உலர்ந்த புல்லைக் கிள்ளிப் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். மாலையில் காற்று திசை மாறினால் எழுந்து இடம் மாறாதீர்கள், அது காற்றைவிட மோசமான காரியம். அன்றைய அதிர்ஷ்டம் என்று இருந்துவிடுங்கள். பூச்சி விரட்டி மருந்து, சென்ட் எல்லாம் காரிலேயே அடித்து ஆறவிட்டு வாருங்கள். உடை என்ன நிறம் என்பது பெரிய விஷயமில்லை. ஆனால் சரசரக்கும் நைலான் ஜாக்கெட் வேண்டாம், அந்தச் சத்தம் நீர்ப்பரப்பில் நெடுந்தூரம் போகும். மரத்தில் சாய்ந்து உட்காருங்கள், உங்கள் உருவம் வானத்துக்கு எதிரே தனியாகத் தெரியாமல் இருக்க வேண்டும். போனை மௌனத்தில் போட்டால் மட்டும் போதாது, திரை வெளிச்சமும் முகத்தில் அடிக்கும்.

அப்புறம் காத்திருப்பது. முதலில் வருவது பெரும்பாலும் குமிழிதான். வீட்டுக்கு ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி நீர்மேல் குமிழிகள் வரிசையாக எழும், அந்த வரிசை நகரும், அது முடிகிற இடத்தில் சத்தமே இல்லாமல் ஒரு பழுப்புத் தலை மேலே வரும். வந்ததும் கிளம்பாது. அப்படியே மிதந்தபடி மூக்கை லேசாகத் தூக்கிக் காற்றைப் பிடிக்கும், சில சமயம் குளத்தை ஒரு சுற்று வரும். பெரும்பாலும் பெரியவற்றில் ஒன்று முதலில் வந்து சோதித்துவிட்டுப் போன பிறகுதான் சின்னவை வெளியே வரும். இந்த முதல் ஐந்து பத்து நிமிடம்தான் உங்களுக்குப் பரீட்சை. கேமராவைத் தூக்கினால், ‘அதோ’ என்று கை நீட்டினால் முடிந்தது. பேசாமல் இருந்தால் அது தன் வேலையைப் பார்க்கக் கிளம்பும், அதன் பிறகு நீங்கள் பைனாகுலரை மெதுவாக எடுத்துக்கொள்ளலாம்.

தண்ணீரில் தலை தெரிந்தாலே பீவர் என்று குதிக்கவும் வேண்டாம். தென் ஆன்டாரியோவில் நான் கேட்கும் ‘பீவர் பார்த்தேன்’ கதைகளில் கணிசமானவை மஸ்க்ரேட். அதுவும் நீரில் வாழும் கொறிவிலங்குதான், ஆனால் இரண்டு கிலோகூட வராது, பீவர் பெரியது 16 முதல் 30 கிலோ வரை இருக்கும். தூரத்தில் எடை தெரியாது என்பதால் வாலைப் பாருங்கள். மஸ்க்ரேட் நீந்தும்போது தலை, முதுகு எல்லாம் வெளியே தெரியும், பின்னால் மெல்லிய வால் நெளிந்துகொண்டே வரும். பீவர் நீந்தும்போது தலை மட்டும், மிஞ்சினால் முதுகில் கொஞ்சம், வால் தெரியவே தெரியாது. வேகமும் வேறு, மஸ்க்ரேட் பரபரவென்று போகும், பீவர் ஒரே சீராகப் போகும். சம்புப் புல்லால் கட்டிய சின்ன மேடு மஸ்க்ரேட் வீடு, மரக்குச்சியும் சேறுமாக இருந்தால் பீவர் வீடு. நீர்நாய் என்றால் குழப்பமே வராது. நம் ஊரில் காவிரியிலும் மோயாற்றிலும் பார்க்கும் நீர்நாயின் உறவுதான் இங்கேயும் இருப்பது, முங்கி எழுந்து, கழுத்தை நீட்டி, ஒரு இடத்தில் நிற்காமல் ஆட்டம் போடும், மீன் தின்னும். பீவர் மீனைத் தொடாது. சுத்த சைவம்.

அது தின்பதைப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் மறந்துவிடும். ஆஸ்பென் அல்லது வில்லோக் கிளை ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு கரையோரம், வயிறளவு தண்ணீரில் வந்து உட்காரும். கிளையைக் கையளவு துண்டாக நறுக்கிக்கொண்டு, முன்னங்கால் இரண்டாலும் பிடித்து, மக்காச்சோளக் கதிரைத் தின்பதுபோலச் சுற்றிச் சுற்றிப் பட்டையை உரித்துத் தின்னும். அமைதியான மாலையில் அந்தக் கரகரவென்ற சத்தம் குளத்தின் அக்கரை வரைக்கும் கேட்கும். பல நேரம் கண்ணுக்கு முன்னால் காதுதான் பீவரைக் கண்டுபிடிக்கும். தின்று முடித்த குச்சியை அப்படியே விட்டுவிடும், வெள்ளையாக மிதக்கும் என்று முன்னால் சொன்னேனே, அது இதுதான். முன்பல் ஆரஞ்சு நிறத்தில் இருப்பதை நல்ல பைனாகுலரில் பார்க்கலாம், எனாமலில் இரும்புச்சத்து இருப்பதால் அந்த நிறம், அந்த உறுதி. உதடு முன்பல்லுக்குப் பின்னால் மூடிக்கொள்ளும், அதனால் தண்ணீருக்கு அடியிலும் வாய்க்குள் நீர் போகாமல் கிளையைக் கடிக்க முடியும். கோடையில் மரத்தைவிட அல்லித் தண்டும் இலையும் நீர்ச்செடியும்தான் அதிகம் தின்னும், அதனால் ஜூலையில் மரம் வெட்டுவதைப் பார்க்க வேண்டும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான்.

தின்றபின் உடம்பைச் சீவிக்கொள்ளும், அதையும் பொறுமையாகப் பாருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, வாலை முன்பக்கம் இழுத்து விட்டுக்கொண்டு, வயிற்று ரோமத்தை முன்னங்காலால் தேய்க்கும். பின்னங்காலின் இரண்டாவது விரலில் நகம் பிளந்திருக்கும், அதுதான் சீப்பு. வால் பற்றிப் பிள்ளைகள் கேட்பார்கள், கார்ட்டூனில் வருவதுபோலச் சேற்றைப் பூசுவதற்கு அதை உபயோகிப்பதே இல்லை. சேற்றை முன்னங்கால்களால் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டுதான் போகும். வால் நிற்கும்போது முட்டு, நீந்தும்போது திசை திருப்ப, குளிர்காலத்துக்குக் கொழுப்பு சேர்த்துவைக்க, கோடையில் சூட்டை வெளியேற்ற. அப்புறம் அடிக்க.

அந்த அடி ஒரு நாள் உங்களுக்கும் விழும். அமைதியாகப் போய்க்கொண்டிருந்த பீவர் திடீரென்று முதுகை வளைத்து வாலால் தண்ணீரை ஓங்கி அறைந்துவிட்டு முங்கிவிடும், கல்லைத் தூக்கிப் போட்டதோ என்று நினைப்பீர்கள். இது எச்சரிக்கை என்பதில் சந்தேகமில்லை, சத்தம் கேட்டதும் கரையில் தின்றுகொண்டிருந்ததெல்லாம் தண்ணீருக்குள் ஓடுவதைக் கண்ணால் பார்க்கலாம். அது குடும்பத்துக்கு மட்டுமான எச்சரிக்கையா, ‘உன்னைப் பார்த்துவிட்டேன்’ என்று எதிரிக்கும் சேர்த்துச் சொல்வதா என்பதில்தான் கருத்து வேறுபாடு. நான் பார்த்த அளவில், குட்டிகள் எதற்கெடுத்தாலும் அறையும், பெரியவை அதைச் சட்டை செய்யாமல் தின்றுகொண்டே இருக்கும், பெரியது அறைந்தால்தான் குளமே காலியாகும். அறைந்த பிறகு பெரும்பாலும் ஓடிப்போகாது, கொஞ்ச தூரத்தில் எழுந்து முன்னும் பின்னும் நீந்தியபடி உங்கள் வாசனையைத் தேடும். நீங்கள் அசையாமல் இருந்தால் கால் மணி, அரை மணியில் சமாதானமாகிவிடலாம். விடாமல் அறைந்துகொண்டே இருந்தால் எழுந்து போய்விடுவதுதான் மரியாதை, உங்களால் ஒரு குடும்பமே சாப்பிடாமல் காத்துக்கொண்டிருக்கிறது.

‘அணையில் கொஞ்சம் உடைத்துவிட்டால் சரிசெய்ய ஓடிவருமாமே’ என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வரும், உண்மை. ஓடும் தண்ணீரின் சத்தம் பீவரை இழுக்கும். ஸ்வீடனில் லார்ஸ் வில்சன் என்ற ஆய்வாளர் 1960களில், வளர்ப்பில் இருந்த ஐரோப்பிய பீவர்களுக்கு ஒலிபெருக்கியில் நீரோடும் சத்தத்தைப் போட்டுக் காட்ட, அவை அதன் பக்கம் குச்சியும் மண்ணும் கொண்டுவந்து கட்டின. ஆனால் சத்தம் ஒன்றுதான் காரணம் என்று முடிவுகட்ட முடியாது. சத்தமே வராத குழாய் வாயையும் அது அடைத்துவிடும், சாலைக்கு அடியில் குழாய் பதித்துவிட்டு அவதிப்படும் பொறியாளர்களைக் கேட்டால் சொல்வார்கள். எதுவானாலும் நீங்கள் உடைக்கக் கூடாது. படம் எடுக்கிற சிலர் இதை ரகசிய உத்தி மாதிரி பேசிக்கொள்வது எனக்கு எரிச்சலான விஷயம். நீர்மட்டம் இறங்கினால் வீட்டு வாசல் வெளியே தெரிந்துவிடும், அல்கான்குவினில் ஓநாய்க்குக் கோடையில் பீவர் முக்கியமான இரை. இலையுதிர் காலத்தில் உடைத்தால் தீனி சேர்க்க வேண்டிய இரவுகளை அணை கட்டியே கழிக்க வேண்டியிருக்கும். ஆன்டாரியோவின் 1997ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி சொந்த நிலத்தைக் காப்பது போன்ற காரணமில்லாமல் பீவர் அணையைச் சேதப்படுத்துவது குற்றமும்கூட. ஆப்பிள் போட்டுக் கூப்பிடுவதும் வேண்டாம், மனிதனிடம் பயம் போன பீவர் அடுத்த கரைக்காரனிடம் போய் மாட்டும்.

மாதங்களைப் பொறுத்தவரை, பனி உருகும் நேரம் நன்றாக இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது. மாதக்கணக்கில் பனிக்கட்டிக்கு அடியில், ஊறிப்போன பழைய கிளையைத் தின்றவை, ஓரம் உருகியதும் பகலிலேயே வெளியே வந்து பனி விளிம்பில் உட்கார்ந்து புதுக்கிளை தின்னும். டொராண்டோ பக்கம் இது மார்ச்சில், அல்கான்குவினில் ஏப்ரல் கடைசியில். மே மாதம் நடுவிலிருந்து ஜூன் முடிய அல்கான்குவினில் கறுப்பு ஈ கடித்துக் குதறிவிடும், பிள்ளைகளோடு போவதை யோசிக்கவே வேண்டாம். ஆனால் அந்தச் சமயம்தான் குட்டி பிறந்து வீட்டுக்குள் இருக்கும், கரை ஓரமான வீடு என்றால் உள்ளேயிருந்து குழந்தை சிணுங்குவதுபோல மெல்லிய சத்தம் வெளியே கேட்கும். ஜூலையில் குட்டிகள் நீந்த வரும், முங்கத் தெரியாமல் மிதந்துகொண்டு அம்மாவைச் சுற்றும். செப்டம்பர் பாதியிலிருந்து நவம்பரில் குளம் உறையும்வரை வேலை மும்முரம்: மரம் வெட்டுவது, கிளை இழுப்பது, வீட்டுக்குச் சேறு பூசுவது. நிறைய நேரம் வெளியே இருக்கும், இலையும் உதிர்ந்திருப்பதால் உங்களுக்கும் நன்றாகத் தெரியும். என்னைக் கேட்டால் இதுதான் சிறந்த பருவம்.

குளிர்காலத்தில் அது தூங்கிவிடுவதில்லை, உறைந்த குளத்துக்கு அடியில் நீந்திப்போய்ச் சேர்த்துவைத்த தீனியை எடுத்துவந்து தின்றுகொண்டு வீட்டுக்குள் இருக்கிறது. வெளிச்சமே படாததால் அதன் நாள் கணக்குகூட 24 மணி நேரத்தைவிட நீண்டுவிடுகிறது என்று 1970களில் கனடாவில் அளந்து காட்டியிருக்கிறார்கள். விலங்கைப் பார்க்க முடியாது, ஆனால் கடும் குளிர்க் காலையில் வீட்டு உச்சியிலிருந்து ஆவி வருவதும் அங்கே உறைபனி பூத்திருப்பதும் தெரியும். கிட்டப் போய்ப் பார்க்கத் தோன்றும், போகாதீர்கள். வீட்டைச் சுற்றியும் அணையை ஒட்டியும் பனிக்கட்டி எப்போதும் மெலிந்திருக்கும், கால் வைத்தால் உள்ளே போய்விடும்.

இடம்: அல்கான்குவின் போவதானால் நெடுஞ்சாலை 60இல் மேற்கு வாசலிலிருந்து 45 கி.மீ. சுமாருக்கு வரும் பீவர் குளப் பாதை உங்களுக்குச் சரிப்படும், 2 கி.மீ.தான், பிள்ளைகள் நடந்துவிடுவார்கள். மிஸி ஏரிப் பாதையில் விலங்கு அதிகம், ஆனால் கிட்டத்தட்ட 11 கி.மீ., மாலையில் பிள்ளைகளோடு அது வேண்டாம். செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் வாரத்திலும் இலை நிறம் பார்க்கக் கூட்டம் அள்ளும், அனுமதிச் சீட்டை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். உண்மையைச் சொன்னால் மூன்று மணி நேரம் கார் ஓட்ட வேண்டியதே இல்லை. டொராண்டோ நகருக்குள்ளேயே ஹை பார்க் குளத்திலும், ஏரிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் டாமி தாம்ப்சன் பூங்காவிலும் பீவர் இருக்கிறது, ஆள் பழக்கமும் உண்டு. கரையோர மரங்களின் அடியில் கம்பி வலை சுற்றியிருந்தால் அது யாருக்காக என்று இப்போது உங்களுக்குத் தெரியும். டாமி தாம்ப்சன் எல்லா நேரமும் திறந்திருக்காது, நேரம் பார்த்துவிட்டுப் போங்கள். ரூஜில் நீங்கள் நடப்பது ஆற்றோரம் என்றால் அங்கே குச்சி மேடு, அணை என்று தேடிப் பிரயோஜனமில்லை. ஆழமான, வேகமாக ஓடும் ஆற்றில் பீவர் பெரும்பாலும் அணை கட்டாது, கரையைக் குடைந்து வளைக்குள் இருந்துவிடும். வளை வாயும் தண்ணீருக்கு அடியில். அங்கே கடித்த மரமும் சேற்றுத் தடமும்தான் உங்களுக்கு வழிகாட்டி, இல்லையென்றால் ஆறு ஏரியில் சேரும் இடத்துச் சதுப்புப் பக்கம் உட்காருங்கள்.

ஆபத்து பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம், ஆனால் பொம்மை என்றும் நினைக்க வேண்டாம். மனிதனைத் தேடிவந்து கடிக்கும் விலங்கில்லை. ஆனாலும் 2013இல் பெலாரஸில் ஒருவர் படம் எடுக்கக் கிட்டே போய், பீவர் தொடையில் கடித்து, ரத்தக்குழாய் அறுந்து இறந்துபோனார். மரத்தை வெட்டும் பல் அது. பகலில் நடைபாதையில் தள்ளாடிக்கொண்டு நிற்கும் பீவரைப் பார்த்தால் நோயுற்றதாக இருக்கலாம், விலகிப் போய்ப் பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள். நாயைக் கூட்டிப்போகாதீர்கள். குளத்துத் தண்ணீரைப் பிள்ளைகள் வாயில் வைக்கக் கூடாது, ஜியார்டியா என்ற வயிற்றுக் கிருமி இருக்கும். ரூஜில் லைம் நோய் பரப்பும் உண்ணி இருக்கிறது, முழுக்கால் பேன்ட் போட்டு சாக்ஸுக்குள் செருகிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் தேடிப் பாருங்கள்.

பிள்ளைகளோடு முடியுமா? முடியும், ஆனால் ஜூன், ஜூலையில் வேண்டாம். அப்போது சூரியன் மறையவே ஒன்பது மணி ஆகிவிடும், தூக்கக் கலக்கத்தில் அழுவார்கள், கொசு வேறு. செப்டம்பர் நடுவில் ஏழரைக்குள் மறைந்துவிடும், கொசுவும் குறைந்திருக்கும், அதுதான் சரி. பகலில் ஒரு தடவை கூட்டிப்போய்ப் பல் பட்ட மரத்தைத் தொட்டுப் பார்க்கவிடுங்கள், கேள்வியெல்லாம் அப்போதே கேட்டு முடிக்கட்டும். மாலையில் பேசக் கூடாது என்பதை விளையாட்டாக்கிவிடலாம், குமிழியை முதலில் பார்த்தவர் உங்கள் கையை ஒரு தடவை அழுத்த வேண்டும், தலையைப் பார்த்தவர் இரண்டு தடவை. தடித்த பாய், ஸ்வெட்டர், சத்தம் வராத தீனி (சிப்ஸ் பாக்கெட் கூடவே கூடாது, வாழைப்பழம் நல்லது). சின்னவர் முக்கால் மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டார் என்றால் வெயில் இருக்கும்போதே போய் உட்கார வேண்டாம், சூரியன் மரத்து உச்சியைத் தொடும்போது போனால் போதும். ஆளுக்கொரு ஹெட்லேம்ப் கட்டிவிடுங்கள், சிவப்பு வெளிச்சம் உள்ளதாக இருந்தால் நல்லது, வெள்ளையைவிட அது விலங்குகளைக் குறைவாகத்தான் தொந்தரவு செய்கிறது. திரும்பும்போது பாதையில் வேர் தடுக்கும், பெரியவர் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் நடங்கள்.